படகில் இடமில்லை என்றால் எல்லோரும் சொந்தம்

தீவுப்பகுதியில் இன்று உயிரோடு இருக்கிறவர்களில், ஆகக்கூடிய சனத்தின் பூர்வீகத்தை விசாரித்தவரும், விசாரித்ததை ஆகக்கூடிய வேகத்தில் மறந்தவரும் எங்கள் படலையர்தான். இதற்குப் போட்டியாக உங்கள் ஊரில் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். படலைக்கு முன்னால் நிறுத்தி, “தம்பி, நீர் ஆற்றை மகன்?” என்று, யாருடைய பிள்ளை என்று கேட்டே அவரைத் தோற்கடித்து அனுப்புவார்.

படலையர் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் ஊர்காவற்றுறைப் பக்கத்து வேதக்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் நிற்பது ஓர் இறங்குதுறையின் வாயிலில் உள்ள இரும்புப் படலையில். எந்த இறங்குதுறை என்று எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஊர்க்காரர், “எங்களை ஏன் இழுத்தனீர்?” என்பார்கள். மற்ற ஊர்க்காரர், “எங்களை ஏன் விட்டனீர்?” என்பார்கள். தீவாருக்கு இரண்டாவது கோபம்தான் பெரிது.

எனக்கு வீடு வேலணையில். படிப்பிக்கிற பள்ளிக்கூடம் கடலுக்கு அங்கால், லோஞ்சு என்கிற இயந்திரப் படகில் போகவேண்டும். மகள் ஆரணியும் அங்கேதான் படிக்கிறாள், ஏழாம் வகுப்பு. ஆகவே பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் நாங்கள் இருவரும் படலையரின் கண்ணுக்கு முன்னால் ஒரு தரம் போய் ஒரு தரம் வருகிறோம்.

அவரை அந்த வேலைக்கு யார் வைத்தது என்பது தீவுப்பகுதியின் பெரிய மர்மங்களில் ஒன்று. பொலிஸ்காரர், கோயில்காரர் வைத்த ஆள் என்று நினைக்கிறார்கள். கோயில்காரர், படகுக்காரர் வைத்த ஆள் என்று நினைக்கிறார்கள். படகுக்காரர், பொலிசின் ஆள் என்று பயப்படுகிறார்கள். மூன்று பகுதியும் அவருக்கு மரியாதை கொடுப்பதற்கு இதுதான் காரணம். அவர் போட்டிருக்கும் மினுங்குகிற மஞ்சள் அங்கி, வீதி போட வந்தவர்கள் விட்டுப் போனது. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி ஒருவரும் கேட்டதில்லை.

“ஏன் அண்ணை, விசில் பழுதோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“விசில் நல்ல விசில் ரீச்சர். ஊதினால் என்ன நடக்கும் தெரியுமோ? சனம் லோஞ்சு வெளிக்கிடுதெண்டு நினைச்சு ஓடி வரும். ஓடி வாற சனத்தை மறிக்க ஏலாது. நடந்து வாற சனத்தைத்தான் மறிக்கலாம்.”

மறிப்பதைப் பற்றி அவர் பேசும்போது பக்கத்தில் நிற்கும் வயதானவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். காரணம் உண்டு. இளம் வயதில் படலையர் உதைபந்தாட்டக் குழு ஒன்றின் கோல் காப்பாளர். ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டவர். எட்டாவதும் போயிருக்கும், பந்து வேலிக்கு வெளியே விழுந்து, எடுக்கப் போனவன் கோபத்தில் திரும்பி வராதபடியால் ஆட்டம் முடிந்தது என்று சொல்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு பந்தையும் மறித்திராத மனிதர், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சனத்தை ஒரு கையால் மறித்தார் என்பதை அந்தக் குழுவின் தலைவர் சாகும்வரை நம்பவில்லையாம்.

அவர் மறிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் இறங்குதுறை ஒடுங்கியது. வருகிறவர்களும் போகிறவர்களும் அதே ஒரு வழியால்தான். படகில் இருந்து இறங்குகிறவர்கள் வெளியே வருமுன் ஏறுகிறவர்களை உள்ளே விட்டால், நடுவில் இரண்டு கூட்டமும் முட்டி, யாராவது ஒருவர் கடலுக்குள் போகவேண்டி வரும். “வாறவைக்கு வழி, போறவைக்குக் கதை” என்பது படலையரின் சட்டம். அவர் “நில்லுங்கோ” என்று யாருக்கும் சொன்னதில்லை. நில் என்று சொன்னால் தீவான் நடப்பான். அவர் கையைப் படலையில் போட்டுக்கொண்டு, முன்னால் நிற்பவரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, “பொறுங்கோ, உங்களை எங்கையோ கண்டிருக்கிறன். நீங்கள் ஆற்றை மகள்?” என்பார்.

அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் படலை தாண்டிப் போனவர் கிடையாது. தகப்பன் பெயரைச் சொல்லவேண்டும். “எந்த அவர்? மடத்துவெளியிலை கலியாணம் கட்டினவரோ?” “இல்லை, அது சித்தப்பா. இவர் மண்டைதீவிலை சம்பந்தம் செய்தவர்.” “அப்ப சங்கக்கடை மனேச்சருக்கு நீங்கள் என்ன முறை?” இதற்குள் பின்னால் நிற்கும் அம்மா ஒருவர் பொறுக்க ஏலாமல், “அவர் எங்கடை மச்சானெல்லே!” என்று உள்ளே புகுந்துவிடுவார். பிறகு அவருக்கும் முன்னால் நிற்பவருக்கும் சொந்தம் கண்டுபிடிக்கப்படும். கண்ணீர் வரும். படலையர் கையை எடுக்கும்போது படகால் வந்த கடைசி ஆளும் வெளியே போயிருப்பார்.

தெற்கிலிருந்து யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வரும் நாட்களிலும் இதுதான் முறை. சிங்களத்தில் அவருக்குத் தெரிந்த வசனம் ஒன்றே ஒன்று. “கம கொஹெத?” ஊர் எது என்று கேட்பார். அந்த அம்மாக்கள் தங்கள் ஊர், ஆறு, விகாரை, வயல், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லுவார்கள். ஒரு சொல்லும் விளங்காமல், “ஆ, ஆ, ஓமோம்” என்று அவர் கேட்கிற அழகைப் பார்த்தால், இந்த நாட்டில் இவ்வளவு காலம் சண்டை நடந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒருமுறை வாகனத்தில் வந்து இறங்கிய பெரிய உத்தியோகத்தர் ஒருவர், வரிசையைப் பார்த்ததும், “நான் ஆர் தெரியுமோ?” என்று கேட்டார். வேறு எந்த வாசல்காரராக இருந்தாலும் நடுங்கியிருப்பார். படலையரின் முகம் மலர்ந்தது.

“அதைத்தான் ஐயா நானும் கேட்க நினைச்சனான். ஆர் நீங்கள்? கொப்பர் ஆர்? கொம்மா எந்தப் பக்கம்?”

உத்தியோகத்தர் தன் பாட்டனாருடைய பாட்டனாரின் புகையிலைத் தோட்டம் வரை சொல்லி முடித்தபோது இரண்டு படகு போய்விட்டது. போகும்போது படலையரின் கையைப் பிடித்து, “இப்பிடி மரியாதை எனக்கு ஒரு இடத்திலும் கிடைக்கேல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இறங்குதுறை வெறுமையாகக் கிடந்து, படகில் இடமும் இருந்தால், படலையருக்கு உலகத்தில் ஒருவரையும் தெரியாது. “போங்கோ, போங்கோ, போங்கோ” என்று கையை வீசுவார். கண்கள் எங்கள் தலைக்கு மேலால் பார்க்கும். லண்டனில் இருந்து பல வருடங்களுக்குப் பிறகு வந்த அவருடைய சொந்தத் தமக்கையையே அப்படித்தான் விட்டார். அவர் அழுது, தெருவெல்லாம் சொல்லி, ஊர் கூடி நியாயம் கேட்டபோது படலையர் சொன்ன பதில்: “அண்டைக்கு லோஞ்சிலை இடமிருந்தது.”

ஒருவருக்கும் அது பதிலாகத் தெரியவில்லை. எனக்கும்தான். திங்கட்கிழமை என் தகப்பனாரின் பெயரை ஆறுதலாக விசாரித்தவர் செவ்வாய்க்கிழமை என்னைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டார். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே தகப்பனாரின் பெயரைக் கேட்பார். “மறதி வருத்தம் தொடங்கிவிட்டது, பாவம்” என்று நான் வீட்டில் சொன்னேன். ஆரணிதான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

“மறதி இல்லை அம்மா. ஜெற்றியிலை சனம் நிறைஞ்சால்தான் அவர் சொந்தம் விசாரிக்கிறவர். நீங்கள் கவனிக்கேல்லையே?”

நான் கவனிக்கவில்லை. கவனித்தது என் மகள். அதை எழுதாமல் என்னால் விட ஏலாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. படலையில் காத்துநிற்கும் பிள்ளைகளைக் கண்டால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைக்கச் சொல்லுவார். “பந்தைப் பிடிச்சு நெஞ்சோடை அணை, மோனை. முழங்கை வெளியாலை. ஆர் இடிச்சாலும் பந்தை விடக்கூடாது.” பந்து எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். “பந்து இல்லாட்டில்தான் நல்லாய்ப் பிடிக்கலாம்” என்பார். அது உண்மை, அவருடைய ஏழு கோலும் பந்து இருந்தபோது விட்டவைதான். பெரியவர்கள் தலையில் தட்டிச் சிரித்தோம். ஆரணி மட்டும் காலையில் படலைக்கு வந்ததும் புத்தகப்பையை முதுகில் போட்டுக்கொண்டு, இல்லாத பந்தை அணைத்தபடி அவரைக் கடந்து போவாள். அவர் நடுவரைப் போல ஒரு தரம் தலையை ஆட்டுவார்.

இனி எழுதப் போவதை எழுதுவதற்கு முன் எழும்பிப் போய் ஆரணி அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறாள். கணக்குச் செய்கிறாள்.

அக்கரைக் கோயிலில் தேர். விடியவே சனம் வந்து குவிந்துவிட்டது. படலைக்குப் போகிற வீதியின் கடைசிப் பகுதிக்கு இருபுறமும் இரும்புக் கம்பி அடைத்திருக்கும். கம்பிக்கு அப்பால் இரண்டு பக்கமும் கடல், இடுப்பளவு தண்ணீர். வீதி தொடங்கும் இடத்தில், பஸ் நிற்கிற வெளியில், கச்சான் கடைகள்; வறுத்த நிலக்கடலையைச் சுண்டு என்கிற தகரப் பேணியால் அளந்து விற்பார்கள். நானும் ஆரணியும் கம்பிகளுக்கு நடுவில், படலைக்குக் கிட்டவாகவே நின்றோம். அவள் எனக்கு முன்னால். என் கை அவள் தோளில்.

சோளகக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. அவ்வளவுதான் நடந்தது. பின்னால் யாரோ, “காத்து எழும்புது, இனி லோஞ்சு விடமாட்டினமாம்” என்றார். அது இரண்டு பேரைத் தாண்டும்போது, “இதுதானாம் கடைசி லோஞ்சு” ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. முதுகில் ஒரு பாரம் வந்தது. யாரும் தள்ளவில்லை, எல்லோரும் ஒரு சிறு அடி முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான். பின்னுக்கு நின்றவர்களுக்கு அது ஓர் அடி. முன்னுக்கு நின்ற எங்களுக்கு இரும்பு.

என் கை ஆரணியின் தோளில் இருந்து கழன்றது. எங்களுக்கு நடுவில் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததும் தாங்களாக வந்ததல்ல. அவளுடைய தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, படலைக் கம்பியோடு. கூப்பிடப் பார்த்தேன். கூப்பிட மூச்சு வேண்டும்.

படலைக்கு மறுபுறம் படலையர் நின்றார். ஒரு கணம் அவளைப் பார்த்தார், எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு மஞ்சள் அங்கியோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்குதுறையின் ஓரத்தால் கடலுக்குள் குதித்தார்.

“ஐயோ, படலையைப் பூட்டிப்போட்டு ஓடுறான்!” என்று ஒருவர் கத்தினார். “திறவடா! டேய், திறந்துபோட்டுப் போடா!” நானும் மனதுக்குள் அவருக்குச் சொன்ன சொற்களை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்கமாட்டார்கள். கம்பிக்கு அப்பால் இடுப்பளவு தண்ணீரில் அந்த மஞ்சள் அங்கி எங்களைத் தாண்டி, கரைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு, வெகு பின்னால், பஸ் நிற்கிற வெளியில் இருந்து, தீவுப்பகுதி கேட்டிராத பெரிய குரல் ஒன்று எழும்பியது.

“எடியேய்! உன்ரை சுண்டின்ரை அடியைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டடி! அடி உள்ளுக்கு உப்பிக்கொண்டு நிக்குது! அரைச் சுண்டை அளந்துபோட்டு முழுச் சுண்டெண்டு விக்கிறாய்!”

கச்சான் அக்காவின் குரல் உடனே வந்தது. அவரும் லேசான ஆள் அல்ல. “ஆரடா அவன்? கடலுக்குள்ளாலை எழும்பி வந்து கச்சான் கதை கதைக்கிறாய்? பேயோ நீ?”

“போன வருசத்துக் கச்சானை இந்த வருசம் வறுத்து விக்கிற உனக்கு வாயும் இருக்குதோ?”

“போன வருசத்துக் கச்சானெண்டாலும் நான் கையிலை பிடிச்சு விக்கிறன்! நீ என்னத்தைப் பிடிச்சனீ? ஏழு கோல்! ஏழு! கொட்டாவி விட்டவன் வாய்க்குள்ளை இலையான் போன மாதிரிப் போச்சுது!”

பாரம் நின்றது. அதை நான் முதுகால் உணர்ந்தேன். பின்வரிசையில் ஒருவர், “என்னவாம்?” என்றார். இன்னொருவர், “படலையருக்கும் கச்சான்காரிக்கும் கொழுவலாம்!” என்றார். கடைசிப் படகைத் தவறவிடச் சம்மதிக்கிற தீவான் இருக்கலாம். தேரைத் தவறவிடுகிறவனும் இருக்கலாம். கொழுவலைத் தவறவிடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. கடைசி வரிசை திரும்பியது. நன்றாகப் பார்ப்பதற்காக நாலடி அந்தப் பக்கம் நடந்தது. அவர்கள் விட்ட இடத்துக்கு அடுத்த வரிசை போனது. வரிசை வரிசையாக, நெல்லுச் சாக்கின் வாய்க் கட்டு அவிழ்ந்ததைப் போல், சனம் பின்னுக்குச் சரிந்தது. என் நெஞ்சுக்குள் காற்று வந்தது.

அந்த நேரத்தில் கச்சான் அக்கா சுண்டைத் தூக்கி எறிந்தார். நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சுண்டு நேராக வந்தது. படலையர் இரண்டு கைகளையும் நீட்டினார். சுண்டு இரண்டு கைகளுக்கும் நடுவால் போய் நெற்றியில் பட்டது.

“எட்டு!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவு சனமும் ஒரே நேரத்தில் சிரித்தது. சிரிக்கிற சனம் நெரிக்காது.

நான் படலையை அடைந்தேன். ஆரணி நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் கம்பி பதிந்த சிவப்பு. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் மடிந்து, முழங்கை வெளியே, பந்தை அணைத்தபடி. அந்த இரு கைகளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருந்த சிறு இடத்தில்தான் என் பிள்ளை இவ்வளவு நேரமும் மூச்சு விட்டிருக்கிறாள்.

படலையர் போன வழியாலேயே தண்ணீருக்குள்ளால் திரும்பி வந்தார். நெற்றியில் ஒரு வீக்கம். சாரம் சொட்டச் சொட்டப் படலையில் கையை வைத்து ஆரணியைப் பார்த்தார்.

“பந்து கிடக்கோ?”

“ஓம்” என்றாள்.

“கெட்டிக்காரி. லோஞ்சிலை ஏறுமட்டும் விட்டுடாதை.”

பிறகு பக்கத்தில் நின்ற முதியவரை நோக்கி, ஒன்றுமே நடக்காததைப் போல நெற்றியைச் சுருக்க முயன்று, வீக்கம் நொந்து, “அப்பு, உங்களை எங்கையோ கண்டிருக்கிறன்” என்று தொடங்கினார். படகுகள் அன்று பின்னேரம் வரை ஓடின.

“திறந்துவிட்டிருந்தால் என்ன அண்ணை?” என்று பிறகு ஒருவர் கேட்டதற்கு, “முன்னுக்கு நிண்ட பிள்ளையள் விழுந்திருக்கும். அதுகளுக்கு மேலாலை மிச்சப்பேர்” என்றார். “முன்னுக்கு நெரிச்சால் பின்னுக்குத்தான் வைத்தியம்.”

கோயில்காரர் ஒரு பொன்னாடையோடு வந்தார்கள். அன்றைக்கு இறங்குதுறை நிறைந்திருந்தது. பொன்னாடை கையில் வைத்திருந்தவரிடம், “நீங்கள் ஆற்றை மகன்?” என்று கேட்டு நிறுத்திவிட்டார்.

கச்சான் அக்கா மட்டும் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. காரணத்தை விளக்கப் போன எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறார்: “உயிரைக் காப்பாத்தினது சரி. என்ரை சுண்டைப் பற்றி ஏன் சொன்னவன்?”

தேர் முடிந்த பிறகு நான் ஆரணியை அந்தப் பக்கம் கூட்டிப் போகவில்லை. லீவு போட்டேன். வேலணையிலேயே வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். அவள் ஒவ்வொரு காலையும் சீருடையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள். லீவு முடிந்தது. போனோம்.

சாதாரண நாள். கடல் தட்டையாகக் கிடந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு மனிதரும் இல்லை. படகில் இரண்டு பேர், ஒரு வாழைக்குலை. ஆரணி புத்தகப்பையை முதுகில் போட்டுக்கொண்டு படலைக்கு நடந்தாள். நான் படலைக் கம்பியைப் பிடித்தேன். பிடித்த கை வரவில்லை. காலும் வரவில்லை.

படலையர் எங்களைத் தலைக்கு மேலால் பார்த்து, “போங்கோ, போங்கோ” என்று கையை வீசவேண்டும். அதுதான் சட்டம். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை ஆறுதலாகப் படலையின் குறுக்கே போட்டுக்கொண்டு, நெற்றியைச் சுருக்கினார்.

“பொறும் பிள்ளை. உம்மை எங்கையோ கண்டிருக்கிறன். நீர் ஆற்றை மகள்?”

ஆரணி திரும்பிப் பின்னால் பார்த்தாள். வெறும் வீதி. படகைப் பார்த்தாள். வெறும் படகு. பிறகு என்னைப் பார்த்தாள். பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, என் பெயரில் இருந்து தொடங்கினாள்.

“எந்த ரீச்சர்? வேலணையோ? கொம்மாவின்ரை தாய் எந்தப் பக்கம்?”

அவர்கள் இரண்டு பேரும் என் பூட்டனாரை வந்து சேர்ந்தபோது படகு பாதிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. என் கை எப்போது படலையை விட்டது என்று எனக்குத் தெரியாது.